குறைந்த சம்பளம் நிம்மதிக்கு உத்தரவாதமா?

சம்பளத்தைக் குறைத்துக்கொண்டால் மன அழுத்தமும் தானே குறையும் என்ற வாதம் தவறானது. 1967இல் லண்டனில் தொடங்கிய வைட்ஹால் ஆய்வு ஏறத்தாழ 18,000 ஆண் அரசு ஊழியர்களைத் தொடர்ந்து கவனித்தது. அவர்களில் இதய நோயால் அதிகம் இறந்தவர்கள் உயர் அதிகாரிகள் அல்லர், கடைநிலை ஊழியர்களே. புகைப்பழக்கம் போன்ற காரணங்கள் இந்த இடைவெளியின் ஒரு பகுதியையே விளக்கின. வேலைப்பளு மிகுந்து, வேலையைச் செய்யும் முறையைத் தீர்மானிக்கும் உரிமை குறையும்போதே அழுத்தம் உச்சமடைகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979இல் விளக்கினார். ஆகவே வருமானத்தை விட்டுக்கொடுப்பவர் பதிலுக்குக் குறைந்த வேலை நேரத்தையும் கூடுதல் தன்னுரிமையையும் கேட்டுப் பெற வேண்டும். இவையின்றிச் சம்பளம் மட்டும் குறைந்தால், பழைய அழுத்தத்தோடு வாடகை, கடன் தவணை பற்றிய கவலையும் சேர்ந்துகொள்ளும்.