பியானோவுக்கும் ஓர் அறை வேண்டும்

திருவனந்தபுரம் நவராத்திரி மண்டபத்தில் கைதட்டல் கிடையாது. பத்மநாபபுரத்திலிருந்து எழுந்தருளும் சரஸ்வதி தேவியின் சன்னிதியில், நாளுக்கொரு ராகமாக ஒன்பது நாளும் கச்சேரி நடக்கிறது. சிறிய இடம், மௌனமாகக் கேட்கும் ரசிகர்கள். மேல்நாட்டார் 'சேம்பர் மியூசிக்' என்று போற்றுவதும் இத்தகைய அறை இசையைத்தான். பியானோ, வயலின், செல்லோ என மூவர் கூடினால் அங்கே ஒரு கச்சேரி. ஒருவர் பிசகினால் மற்றவர் மறைக்க இயலாது.

இதையே தொழிலாகக் கொள்ளும் பியானோ கலைஞரின் பாடு எளிதன்று. ஒத்திகை அதிகம், கூட்டம் குறைவு. ஆயினும் புதிய இசை பிறப்பது இவர்களால்தான். பிரெஞ்சு இசைமேதை மெசியான் தமது பியானோ படைப்புகள் பலவற்றை இவான் லோரியோ என்ற பெண்மணியின் திறமையை நம்பியே எழுதினார். அந்த மெசியான் தாள நுட்பம் தேடி வந்ததோ நமது சாரங்கதேவரின் சங்கீத ரத்னாகரத்திடம்!

பியானோவில் கமகம் வராதே என்பார்கள். உண்மைதான். ஒவ்வொரு கட்டைக்கும் ஒரே சுருதி. விரலால் இழைக்க வழியில்லை. வயலினில் அந்த வசதி உண்டு. அதனால்தான் தஞ்சை வடிவேலு அதை நம் இசைக்கு இசைய வைக்க முடிந்தது. 1834இல் சுவாதித் திருநாள் மகாராஜா அவருக்குத் தந்த வயலினைப் பரிசளித்தது இதே ஊரில்தான். பியானோ குரலைப் பின்பற்ற வேண்டியதில்லை. அதன் அருகில் நின்று நிழல் தந்தால் போதும். சென்னையின் அனில் சீனிவாசன், சிக்கில் குருசரணின் பாட்டுடன் பியானோ வாசித்து இதை நிரூபித்திருக்கிறார்.

மரபு கெட்டுவிடும் என்ற அச்சமும் வேண்டாம். நவராத்திரி மண்டபத்தில் பெண்கள் பாடுவதில்லை என்ற வழக்கம், 2006இல் பாறசாலை பொன்னம்மாள் பாடியதோடு மாறியது. மண்டபத்தின் பெருமை குன்றவில்லை, கூடியது.

நிசாகந்தி போன்ற திறந்தவெளி அரங்குகள் பெருங்கூட்டத்துக்கு உரியவை. நூறு பேர் அமரும் ஓர் அறையும், அதில் ஒரு நல்ல பியானோவும் தலைநகருக்குத் தேவை. கடற்காற்றின் ஈரத்தில் மரம் உப்பிச் சுருதி கெடும். ஆகவே வாங்கி வைத்தால் மட்டும் போதாது, முறையாகச் சுருதி சேர்க்க ஆளும் வேண்டும். 1939இல் தொடங்கிய சுவாதித் திருநாள் இசைக் கல்லூரியின் மாணவர்களும் அங்கே பியானோவுடன் பழகட்டும்.

வடிவேலுவுக்கு அன்று ஓர் அரசர் இருந்தார். இன்றைய கலைஞருக்கு அரசும் ரசிகர்களுமே அந்த இடத்தில் இருக்கிறார்கள். ஆதரவு அங்கிருந்துதான் வரவேண்டும்.