எங்க நகர்ல திருட்டே இல்லையாம்!

(மூன்றாம் ஆண்டு, மின்னியல் துறை)

நம்மில் பாதிப் பேர் வெளியூர். ஹாஸ்டலில் இடம் கிடைக்காமல் மூன்று பேர், நான்கு பேர் சேர்ந்து மாடி போர்ஷன் எடுத்துக் காலம் தள்ளுகிறவர்கள். நானும் அந்த ஜாதிதான். 2011-ல் சென்னை மாநகராட்சியோடு சேர்க்கப்பட்ட புறநகர் ஒன்றில், ஒரு ‘நகரில்’ குடியிருக்கிறேன். நகரின் பெயர் வேண்டாம். நாளைக்கும் அங்கேதான் போய்ப் படுக்க வேண்டும்!

சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவுஸ் ஓனர் மேலே வந்தார். "தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. சங்கத்துல பேசியிருக்காங்க. ஏரியால திருட்டு ஜாஸ்தியாப் போச்சு, பேச்சிலர் பசங்களுக்கு இனிமே வீடு கொடுக்கக் கூடாதுன்னு முடிவு. தை மாசம் வரைக்கும் பாத்துக்கோங்க" என்றார். செமஸ்டர் பரீட்சை நெருங்குகிறது, இவர் இப்படிச் சொல்கிறார். நாங்கள் என்ன திருடினோம்?

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே சங்கத்து ஆட்கள் மனை வாங்க வருகிறவர்களிடம் பேசும்போது, "ரொம்ப அமைதியான ஏரியா சார், ஸ்டேஷன்ல கேஸே கெடையாது" என்று அடித்துச் சொல்கிறார்கள். மனை விற்கும்போது திருட்டு இல்லை, எங்களை விரட்டும்போது மட்டும் ஜாஸ்தி. எது நிஜம்?

நானும் அறை நண்பனும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு வருஷத்தில் எங்களுக்குத் தெரிந்து நடந்தவை ஐந்து. நாலாவது தெரு அக்கா கோலம் போடும்போது செயின் அறுத்தது, இரண்டு பைக், கட்டிக்கொண்டிருந்த வீட்டில் தண்ணீர் மோட்டார், என் அறை நண்பனின் செல்போன். செயினுக்கு வழக்குப் பதிவானது. பைக்குக்கும் ஆனது, ஏனென்றால் எஃப்.ஐ.ஆர். இல்லாமல் இன்சூரன்ஸ் பணம் வராது. மோட்டார்க்காரர் "யாரு அலையறது" என்று விட்டுவிட்டார். செல்போன் கதைதான் முக்கியம். ஸ்டேஷனில் ரைட்டர், "திருடு போச்சுன்னு எழுதாத தம்பி, தொலைஞ்சு போச்சுன்னு எழுது. கேஸுன்னா கோர்ட்டு வரைக்கும் அலையணும், படிக்கிற பையன்" என்று பாசமாகச் சொன்னார். இவனும் அப்படியே எழுதிக் கொடுத்து, சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வந்தான். ஐந்தில் இரண்டு கணக்கிலேயே வரவில்லை. ஸ்டேஷன் ஏட்டைப் பார்த்தால் எங்கள் நகர் நிஜமாகவே அமைதியான நகர்தான்!

தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் ஆண்டறிக்கை வெளியிடுகிறதே, அதில் வருவதும் பதிவான வழக்குதான். சி.எஸ்.ஆர். ரசீது அங்கே போகாது. ஒரே எஃப்.ஐ.ஆரில் பல குற்றம் இருந்தால் பெரிய குற்றம் ஒன்றை மட்டும் எண்ணுவார்கள். குற்ற விகிதம் என்பது ஒரு லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்பது. இதில் வகுக்கும் எண்ணைக் கவனியுங்கள். 2022-ம் ஆண்டு அறிக்கையிலும் 19 மாநகரங்களுக்கு 2011 மக்கள்தொகையை வைத்துத்தான் வகுத்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு பட்டணத்துக்கு வந்த நீங்களும் நானும் கீழே உள்ள எண்ணில் இல்லை. நம் செல்போன் களவு போய் வழக்கானால் மட்டும் மேலே உள்ள எண்ணில் சேர்ந்துவிடுவோம்! இன்னொன்று. பத்தாயிரம் பேர் உள்ள நகரில் இரண்டு திருட்டு நான்கானால் ‘100 சதவீத உயர்வு’ என்று பேசலாம். கூட நடந்தது இரண்டே இரண்டு. இந்தச் சதவீதத்தை நம்பி ஒருவரைக் காலி பண்ணச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

வழக்கு கூடினால் குற்றம் கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. மக்கள் துணிந்து புகார் கொடுக்கிறார்கள், போலீசார் மறுக்காமல் பதிகிறார்கள் என்றும் இருக்கலாம். கேஸே இல்லாத ஸ்டேஷனைப் பார்த்தால்தான் எனக்குப் பயம்.

லலிதா குமாரி வழக்கில் 2013-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: கைது செய்யத்தக்க குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சட்டத்திலும் நகல் இலவசம். மறுத்தால் புகாரைத் தபாலில் மேலதிகாரிக்கு அனுப்பலாம், அதற்கும் மேலே மாஜிஸ்திரேட் இருக்கிறார். செயின் பறிப்புக்கென்றே 304 என்று தனிப் பிரிவும் வந்திருக்கிறது. செல்போனை முடக்க 2023 மே முதல் நாடு முழுக்க சி.இ.ஐ.ஆர். வசதி உண்டு. அதற்கும் புகார் நகல் வேண்டும். ஆகவே *#06# அழுத்தி வரும் 15 இலக்க எண்ணை இன்றைக்கே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். களவு போனதைக் ‘களவு போனது’ என்றே எழுதுங்கள்.

இனி நம்ம சப்ஜெக்ட், விளக்கு! செயின் போன தெருவில் அன்று நான்கு கம்பத்தில் மூன்று எரியவில்லை. விடியற்காலை நாலே முக்கால், கும்மிருட்டு. காமிரா இருந்தது. 2017, 2018-ல் போலீசார் ‘மூன்றாவது கண்’ என்று சொல்லி வீதிக்கு வீதி காமிரா வைக்கச் சொன்னபோது சங்கம் வசூல் பண்ணி மாட்டியதாம். ஆனால் பதிவுப் பெட்டி இருந்த வீட்டுக்காரர் மகனோடு இருக்க பெங்களூர் போய்விட்டார், வீடு பூட்டு. மாசச் செலவு யாருடையது என்று யாரும் பேசி வைக்கவில்லை. அது ஓடியிருந்தாலும் அந்த இருட்டில் வண்டி நம்பர் எங்கே தெரியப்போகிறது? காமிராவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முதலில் விளக்கு எரியட்டும் என்கிறேன்.

இன்னொரு விஷயமும் மனசில் உறுத்துகிறது. ராத்திரி பதினொன்றரை வரை அந்தத் தெருவில் விழித்திருக்கிறவர்கள் யார்? டிராயிங் ஷீட்டோடு மல்லுக்கட்டும் நாங்களும், மூலையில் டீக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சியும்தான். அவர் கடையையும் "கூட்டம் சேருது" என்று சீக்கிரம் மூடச் சொல்கிறார்கள். இரண்டு பேரையும் அனுப்பிவிட்டால் தெரு சுத்தமாக இருக்கும்... திருடனுக்கு!

நம் பக்கமும் குற்றம் இல்லாமல் இல்லை. நடுராத்திரியில் பைக் சைலன்சரைக் கழற்றிவிட்டு உறுமுவது, மாடியில் பாட்டுப் போட்டுக் கத்துவது... பெரியவர்கள் முகம் சுளிக்க நாமே காரணம் கொடுக்கிறோம். எங்கள் அறையும் விதிவிலக்கல்ல.

போன மாதச் சங்கக் கூட்டத்துக்கு நாங்கள் மூன்று பேர் போனோம். எரியாத கம்பங்களின் நம்பரை எழுதிக்கொண்டு போய், "1913-க்கு புகார் சொல்லியாச்சு சார்" என்றோம். எங்கள் ஆதார் நகலையும் கல்லூரிச் சான்றையும் கொடுத்தோம். சிலர் முணுமுணுத்தார்கள். நாலாவது தெரு அக்காதான் எழுந்து, "இந்தப் பசங்கதான் அன்னைக்கு சத்தம் கேட்டு ஓடி வந்தாங்க, நீங்க யாரு வந்தீங்க?" என்று கேட்டார். பதில் இல்லை. கடைசியில் பரீட்சை முடியும்வரை இருக்கலாம் என்றார்கள். அதற்குப் பிறகு என்னவென்று சொல்லவில்லை. மூன்றில் இரண்டு கம்பம் இப்போது எரிகிறது. மூன்றாவதற்கு நேற்றும் போன் போட்டேன்.