கூரை வேயத் தெரிஞ்சவருக்கு என்ன கூலி?

குடிசை ஒழியணும், அதுல மாற்றுக்கருத்தே இல்லை. 2004-ல கும்பகோணம் பள்ளித் தீயில 94 பிள்ளைகளைப் பறிகொடுத்தோம். கீத்துக்கொட்டகை மேல எனக்கு எந்த மோகமும் கிடையாது.

ஆனா குடிசை வேற, கூரை வேயுற தொழில் வேற மக்களே! தென்னமட்டையை ஊறப்போட்டு, கீத்து முடைஞ்சு, இறவானத்துல ஆரம்பிச்சு முகடு வரைக்கும் ஒண்ணு மேல ஒண்ணு படியுற மாதிரி கட்டணும். சரிவு குறைஞ்சா ஒழுகும். எல்லாம் கைப்பழக்கத்துல வர்ற கணக்கு.

இன்னிக்கு அதே கூரையை ரிசார்ட்டுக்காரங்க 'இயற்கை'ன்னு விக்கிறாங்க. வேயத்தான் ஆள் கிடைக்கலையாம். கிடைச்சா மட்டும் கொத்தனாருக்குக் குடுக்கிற கூலியைக் குடுத்துடுவோமா? அதைக் குடுக்காம 'ஐயோ, கலை அழியுதே'ன்னு உச்சுக்கொட்டுறது சுத்தப் போங்குங்க...