& போட்டது குத்தமா?

திருப்பதி கிளைக்கு மாற்றலாகி வந்து மூணு வருஷமாச்சு. சொந்த ஊர் நாகர்கோவில், படிச்சது பி.காம். நான் கம்ப்யூட்டர் பத்தி எழுதினா பொட்டி தட்டற தம்பிகள் சிரிப்பாங்க. சிரிக்கட்டும் :-)

போன மாசம் சித்தூர்லேர்ந்து நம்ம தமிழ்ப் பெரியவர் ஒருத்தர் வந்தார். மாம்பழக்கூழ் வியாபாரம். 40 பேர் சம்பளத்துக்கு அவரோட சாஃப்ட்வேர் தயாரிச்ச எக்ஸ்எம்எல் கோப்பு மொத்தமா திரும்பிடுச்சு. காரணம், கடைப் பேரில் இருக்கிற '& சன்ஸ்'. சாஃப்ட்வேர் வித்தவங்க சொன்ன வைத்தியம் என்ன தெரியுமா? "பேரை மாத்திக்குங்க சார்."

அவங்கப்பா வெச்ச பேருங்க அது! பான் கார்டு, ஜிஎஸ்டி, கடன் பத்திரம் எல்லாத்துலயும் அதான் இருக்கு. ஏற்கனவே ஃபாரத்துக்காக இன்ஷியலை நீட்டினோம், இல்லாத குடும்பப் பேரைக் கண்டுபிடிச்சோம். இப்ப இதுவுமா?

கோப்பைத் திருப்பின சர்வர் மேல தப்பில்லை. 1998ல் வந்த எக்ஸ்எம்எல் விதியே அதுதான். தனியா ஒரு & நின்னா கோப்பு செல்லாது, படிக்கிற நிரல் அங்கேயே நிறுத்தணும். ஆனா அதே விதி மாற்று வழியும் சொல்லுது: &க்கு பதிலா &, ஏ, எம், பி, ஒரு அரைப்புள்ளி. <, >, ரெண்டு வகை மேற்கோள் குறிகளுக்கும் இதே மாதிரி உண்டு. மொத்தம் அஞ்சே அஞ்சு! ஜாவாவிலோ டாட்நெட்டிலோ ஆப்ஜெக்டை எக்ஸ்எம்எல் ஆக்கித் தர நூலகங்கள் இருக்கு, அதுங்க இதைத் தானே செஞ்சிடும். இவங்க மாலை கட்டற மாதிரி வார்த்தையை ஒட்டி ஒட்டி கோப்பு பண்ணியிருக்காங்க. சோம்பேறித்தனம், வேறென்ன?

பணம் அனுப்பற ஸ்விஃப்டோட பழைய எம்டி செய்திகளில் பேர் எழுதற இடத்தில் & எழுத்தே கிடையாது, ஒத்துக்கறேன். அது அந்த வலையமைப்போட விதி. இங்க அந்தச் சாக்கும் இல்லை. ரிசர்வ் வங்கியோட ஆர்டிஜிஎஸ் 2013லயே எக்ஸ்எம்எல் அடிப்படையிலான ஐஎஸ்ஓ 20022க்கு மாறிடுச்சு.

அன்னிக்கு அவர் கணக்குப்பிள்ளையை ஃபோன்ல பிடிச்சு, கோப்பைத் திறந்து அந்த ஒரு இடத்தை மட்டும் மாத்தச் சொன்னேன். சாயங்காலம் 40 பேருக்கும் பணம் போய்ச் சேர்ந்தது.

நான் போட்ட சண்டையில் புது வெர்ஷனும் வந்துச்சு. ஒட்டுவேலையை விட்டுட்டு நூலகத்தையே போட்டாங்க, சந்தோஷம். ஆனா அதுக்கு முன்னாடி கையாலயும் ஒருமுறை மாத்தறாங்க! மாத்தினதில் இருக்கிற &ஐ நூலகம் இன்னொரு தடவை மாத்திடுது. இப்ப சம்பளம் போகுது. தொழிலாளிங்க பாஸ்புக்கில் பெரியவரோட கடை '&ஏஎம்பி; சன்ஸ்' ஆயிடுச்சு.

"இந்த ஏஎம்பி யாரு சார், புதுப் பார்ட்னரா?"ன்னு கேக்கறார் மனுஷன்.