ஒரு நாள் உலாவுக்கு எந்த உயிரியல் பூங்கா?

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளி விடுமுறை தொடங்கும் முன்பே, விழுப்புரம், திண்டிவனம் பகுதி மக்தப் மதரஸாக்களில் சுற்றுலாப் பேச்சு தொடங்கிவிடுகிறது. பிள்ளைகள் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: விலங்குகளைப் பார்க்க வேண்டும். பெரியவர்கள் வகுக்கும் திட்டமோ வேறாக இருக்கிறது. வண்டலூர், வடநெம்மேலி முதலைப் பண்ணை, மாமல்லபுரம், மெரினா கடற்கரை, நேரமிருந்தால் ஏதேனும் ஒரு பெரிய வணிக வளாகம். இத்தனையும் ஒரே நாளில், ஒரே வேனில். ஜமாஅத் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பட்டியல் வந்ததும் 'மாஷா அல்லாஹ்' என்ற மறுமொழிகள் வரிசையாக விழுகின்றன. இடங்களின் எண்ணிக்கை கூடக்கூடக் கொடுத்த காசுக்குப் பலன் கூடும் என்பது பொதுவான எண்ணம்.

நம் கருத்து இதற்கு நேர்மாறானது. ஒரு நாள் பயணத்தில் ஓர் இடம்தான் இருக்க வேண்டும். அந்த ஓர் இடத்தையும் 'எத்தனை விலங்குகள் இருக்கின்றன' என்று கேட்டுத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அங்கே விலங்கு எப்படி வைக்கப்பட்டிருக்கிறது, அதைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை எதைத் தெரிந்துகொண்டு வருகிறது என்று கேட்டே தேர்ந்தெடுக்க வேண்டும். நம் மஹல்லாக்களில் பல பிள்ளைகளுக்கு ஆண்டில் அமைவது இந்த ஒரு பயணம்தான். சிலருக்கு அதுவும் அமைவதில்லை. ஆகவே இது சிறிய செய்தி அன்று.

கணக்கைச் சற்றுப் பார்ப்போம். விழுப்புரத்திலிருந்து வண்டலூர் ஏறத்தாழ 130 கிலோமீட்டர். திண்டிவனத்திலிருந்து 90-க்குச் சற்று மேல். ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் புறப்பட்டு, வழியில் காலை உணவை முடித்துக்கொண்டால், ஒன்பது மணியளவில் வாசலை அடையலாம். அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 1,490 ஏக்கர். ஐம்பது பிள்ளைகளை வரிசையாக அழைத்துக்கொண்டு அதைச் சுற்றிவரக் குறைந்தது நான்கைந்து மணி நேரம் வேண்டும். பதினொன்றரை மணிக்கே 'கிளம்புங்கள், முதலைப் பண்ணைக்கு நேரமாகிறது' என்று அவசரப்படுத்தினால், பிள்ளைகள் பார்த்தது முதுகைக் காட்டி உறங்கும் சிங்கத்தையும் முன்னால் போகிறவனின் தொப்பியையும்தான். பிறகு கிழக்குக் கடற்கரைச் சாலையில் நெரிசல். ளுஹர் தொழுகையும் மதிய உணவும் எங்கோ ஒரு நிழலில். மாமல்லபுரத்தில் வண்டி நிறுத்த இடம் தேடும் படலம். மெரினாவை அடையும்போது பாதிப் பிள்ளைகள் உறங்கியிருப்பார்கள். நான்கு இடங்களுக்கும் சென்றுவந்த பிள்ளையிடம் மறுநாள் கேட்டால், வேனில் யார் வாந்தி எடுத்தான் என்பதைத்தான் விரிவாகச் சொல்கிறது.

விலங்குகளுக்கும் ஒரு நேரம் உண்டு. புலி, சிங்கம், கரடி முதலியவை காலைக் குளிர்ச்சியிலும் வெயில் தாழ்ந்த பின்பும் நடமாடும். உச்சிப்பொழுதில் படுத்துக் கிடக்கும். எனவே வண்டலூரைத் தேர்ந்தெடுத்தால் கதவு திறக்கும்போதே உள்ளே இருக்க வேண்டும். பெரிய விலங்குகளை முதலில் பார்த்துவிட்டு, நண்பகலில் பறவைகள், பாம்புகள் இருக்கும் பகுதிகளுக்குச் செல்ல வேண்டும். செவ்வாய்க்கிழமை அங்கு விடுமுறை. முதலைப் பண்ணைக்குத் திங்கட்கிழமை. பள்ளி விடுமுறைக் காலங்களில் இதில் மாற்றம் இருக்கலாம் என்பதால் புறப்படுமுன் கேட்டறிவது நல்லது. வாடகை வேன்தான் வேண்டும் என்பதும் இல்லை. 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பின்னர், நம் பகுதியிலிருந்து செல்லும் அரசுப் பேருந்துகள் வந்து நிற்பதே வண்டலூருக்கு அருகில்தான். குடும்பமாகச் செல்வோருக்கு இது பெரிய வசதி.

வண்டலூருக்கு ஒரு பழைய வரலாறு உண்டு. அதில் நம் சமுதாயத்துக்கும் ஒரு பங்கு இருப்பதைப் பிள்ளைகள் அறிந்திருக்கவில்லை. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பிலிருந்த எட்வர்ட் பால்ஃபர் என்பவர் 1855-இல் அங்கே ஒரு விலங்குக் காட்சிசாலையைத் தொடங்கினார். அதற்காகக் கர்நாடக நவாபை இணங்கச் செய்து, அவரிடமிருந்த விலங்குகள் முழுவதையும் பெற்றுக்கொண்டார். அரண்மனைக்குள் இருந்தவை பொதுமக்கள் காணும்படி வந்தன. பின்னர் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. அக்காலச் சென்னை மக்கள் அதை 'உயிர்க் காலேஜ்' என்றும், பாடம் செய்த உடல்கள் இருந்த அருங்காட்சியகத்தைச் 'செத்த காலேஜ்' என்றும் அழைத்தனர். நம் பாட்டனார் தலைமுறையில் பட்டணம் போய்வந்தவர்கள் இச்சொற்களைச் சொல்லக் கேட்டிருக்கிறோம். நகரம் நெருக்கவே, 1985-இல் விலங்குகள் வண்டலூர்க் காட்டுப்பகுதிக்குக் கொண்டுவரப்பட்டன.

நெருக்கடியான நகரிலிருந்து பரந்த வெளிக்குச் செல்வது வேறு நாடுகளிலும் நடந்ததுதான். இலண்டன் நகருக்குள் 1828-இல் காட்சிசாலை திறந்த விலங்கியல் கழகமே, 1931-இல் நகருக்கு வெளியே விப்ஸ்னேடு என்ற இடத்தில் பரந்த புல்வெளியில் இன்னொன்றைத் திறந்தது. பிள்ளைகள் பிரிட்டனில் வேலை பார்க்க, சில நாள் சென்றுவரும் பெற்றோர் சிலரும் 'எதைப் பார்ப்பது' என்று கேட்கின்றனர். அவர்களுக்கும் நம் விடை ஒன்றே: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள், இடம் விசாலமாக இருப்பதைத் தேர்ந்தெடுங்கள்.

விசாலம் என்று நாம் வலியுறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. பூனையைக் கட்டிவைத்து, உணவும் கொடுக்காமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண் அதன் காரணமாகவே நரகம் புகுந்ததாக நபி (ஸல்) அவர்கள் கூறிய செய்தி புகாரீயிலும் முஸ்லிமிலும் இருப்பதை நம் மாணவர் அனைவரும் படிக்கின்றனர். அப்படியிருக்க, 'கூண்டில் அடைத்த விலங்கைப் பார்க்கப் போகலாமா, ஹஜ்ரத்?' என்று ஒரு மாணவன் கேட்டால் அது நல்ல கேள்வி. அதை அதட்டி அடக்கக் கூடாது. அபூ உமைர் என்ற சிறுவர் ஒரு சின்னஞ்சிறு பறவையை வைத்து விளையாடியதும், அது இறந்தபோது நபி (ஸல்) அவர்கள் பரிவோடு அவரை விசாரித்ததும் மற்றொரு ஹதீஸ். அந்த ஒரு ஹதீஸிலிருந்தே அறுபது பயன்களை எடுத்துத் தனி நூல் எழுதினார் ஷாஃபிஈ அறிஞர் இப்னுல் காஸ். உணவும் பராமரிப்பும் குறைவின்றி அளித்தால் பறவையைக் கூண்டில் வளர்க்கலாம் என்று அறிஞர்கள் இதிலிருந்து விளக்கம் பெற்றனர். ஆக, பூனையின் செய்தியில் கண்டிக்கப்படுவது வைத்திருப்பது மட்டுமன்று, வைத்துக்கொண்டு வதைப்பது. எந்தப் பூங்காவுக்குச் செல்வது என்று தீர்மானிக்கும்போது இந்த அளவுகோல் நம் கையில் இருக்க வேண்டும். கடைத்தெருவிலும் விடுதி முற்றத்திலும் ஒரு குரங்கையும் இரண்டு மயில்களையும் அடைத்து வைத்துக் கூட்டம் சேர்க்கும் இடங்களுக்கு, வழியில்தானே இருக்கிறது என்று கூட, நாம் வண்டியை நிறுத்தலாகாது.

நம் பிள்ளைகள் வதைக்காமல் இருக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும். கம்பிக்கு வெளியே நின்று கூச்சலிடுவதும், உறங்கும் விலங்கை எழுப்பக் கல் எறிவதும், குரங்குக்குச் சிப்ஸ் பொட்டலத்தை வீசுவதும் சட்டப்படியும் குற்றம். பயணத்துக்கு முந்திய நாள் மக்தபில் அரை மணி நேரம் இதற்காக ஒதுக்கினால் போதும். உடன் வரும் பெரியவர்களுக்கும் அந்த அரை மணி நேரம் பயன்படும். சிங்கத்தை நோக்கிக் கனைப்பவர்களில் மீசை நரைத்தவர்களையும் பார்க்கிறோம்.

வண்டலூரில் பெருங்கூட்டம் நிற்பது வெள்ளைப் புலியின் முன்தான். 'அரிய இனம்' என்று ஆசிரியர்களே சொல்லிக்கொடுக்கின்றனர். அது தனி இனம் அன்று. வங்கப் புலியில் மரபணுக் குறை ஒன்றால் தோன்றும் நிறவேறுபாடு. 1951-இல் ரேவா வனப்பகுதியில் பிடிபட்ட மோகன் என்ற ஓர் ஆண் குட்டியின் வழித்தோன்றல்களே இன்று காட்சிசாலைகளில் காணப்படும் வெள்ளைப் புலிகளில் ஏறத்தாழ அனைத்தும். நிறம் மாறாதிருக்க நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேர்த்ததால், மாறுகண் முதலிய குறைகள் அவற்றில் மிகுதி. அழகென்று வியப்பதில் தவறில்லை. அந்த அழகுக்கு அவ்விலங்கு என்ன விலை கொடுத்தது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட்டால், பிள்ளை அடுத்த கூண்டில் உள்ள சாதாரணப் புலியையும் நின்று பார்க்கும்.

பத்து வயதுக்கு மேற்பட்டவர்கள் மட்டும் செல்லும் பயணம் என்றால், நாம் வண்டலூரை விட வடநெம்மேலி முதலைப் பண்ணையையே பரிந்துரைப்போம். நம் பகுதியினர் மரக்காணம் வழியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்துச் செல்லலாம். ரோமுலஸ் விட்டேக்கரும் அவர் மனைவியாக இருந்த ஸாஹிதாவும் 1976-இல் தொடங்கிய இடம் அது. ஸாஹிதா, பறவையியல் அறிஞர் ஸாலிம் அலீயின் உறவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தோலுக்காக வேட்டையாடப்பட்டு இந்திய முதலைகள் அருகிவந்த காலத்தில், அவற்றை இனப்பெருக்கம் செய்து காப்பதே அதன் நோக்கம். அந்த வேலை எவ்வளவு வெற்றி பெற்றதென்றால், சதுப்புநில முதலைகள் பெருகி இடம் போதாமல், ஆயிரம் முதலைகளைக் குஜராத்தின் ஜாம்நகருக்கு அனுப்ப முடிவு செய்ய நேர்ந்தது. காப்பாற்றுவதும் எளிதில் முடிகிற காரியம் அன்று என்பதைப் பெரிய பிள்ளைகளால் புரிந்துகொள்ள முடியும்.

அங்கே நாம் காட்ட விரும்புவது முதலைகளை மட்டுமன்று. அவ்வளாகத்திலேயே இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. வனவிலங்குச் சட்டம் வந்து பாம்புத்தோல் வணிகம் நின்றபின், வாழ்வாதாரம் இழந்த இருளர்களுக்காக 1978-இல் அது தொடங்கப்பட்டது. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் பிடித்துவந்து, சில வாரங்கள் வைத்து நஞ்செடுத்து, மீண்டும் காட்டில் விட்டுவிடுகின்றனர். நாட்டில் பாம்புக்கடி மருந்து செய்யத் தேவைப்படும் நஞ்சில் பெரும்பகுதி இவர்களிடமிருந்தே செல்கிறது. 2023-இல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. திண்டிவனம், மரக்காணம், வானூர்ப் பகுதிகளில் இருளர் குடியிருப்புகள் பல உள்ளன. அவர்களின் பிள்ளைகள் நம் பிள்ளைகளோடு ஒரே பள்ளியில் படிக்கின்றனர். ஏளனச் சொற்களையும் கேட்கின்றனர். வயலில் பாம்பு தீண்டி முண்டியம்பாக்கம் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லப்படுபவர் பிழைத்து வருவதற்குப் பின்னால் யாருடைய அறிவு இருக்கிறது என்று நம் மாணவன் நேரில் பார்த்துவிட்டால், மறுநாள் வகுப்பில் அந்தத் தோழனை வேறு கண்ணால் பார்ப்பான். இந்த ஒன்றுக்காகவே அந்தப் பயணம் தகும்.

சிறு பிள்ளைகளுக்கும், செலவைக் குறைக்க விரும்பும் மதரஸாக்களுக்கும் வேடந்தாங்கல் இருக்கிறது. நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகள் கூடும் காலம். அரையாண்டு விடுமுறை அதற்குள் அமைகிறது. திண்டிவனத்திலிருந்து ளுஹர் தொழுதுவிட்டுப் புறப்பட்டாலும், மாலையில் இரைதேடிவிட்டுத் திரும்பும் கூழைக்கடாக்களையும் நத்தைகுத்தி நாரைகளையும் கூட்டங்கூட்டமாகக் காணலாம். அங்கே கூண்டு இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுட்ட வெள்ளைக்காரச் சிப்பாய்களைத் தடுக்கும்படி செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் முறையிட்டு உரிமைச் சாசனம் பெற்றவர்கள் அவ்வூர் விவசாயிகள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் அவர்களின் வயலுக்கு உரம். சிறு பிள்ளைக்கும் விளங்குகிற கணக்கு இது.

அதையும் விட அருகில், நம் மாவட்டத்துக்குள்ளேயே மரக்காணம், வானூர் வட்டங்களில் கழுவெளி இருக்கிறது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டு, 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. சென்னைக்கு ஐந்து முறை சென்றுவந்த நம்மவர்களில் பலர் அதைப் பார்த்ததில்லை. அங்கே பெரிய வசதிகளை எதிர்பார்க்க வேண்டாம். தொலைநோக்கி ஒன்றும் தண்ணீரும் கொண்டு சென்றால் போதும். வேலூர்ப் பக்கத்து அமிர்தியும் சேலத்துக் குரும்பப்பட்டியும் அந்தந்த ஊருக்கு வேறு காரியமாகச் செல்வோர் பார்க்கத் தக்கவை. அவற்றுக்கென்றே இங்கிருந்து ஒரு நாளைச் செலவிட வேண்டியதில்லை.

பயணத்திலேயே ஒரு பாடமும் நடந்துவிடுகிறது. வண்டலூர் செல்லும் நம் மாணவர் சட்டப்படி முஸாஃபிர் ஆகிவிடுவதால், ளுஹரையும் அஸரையும் இரண்டு ரக்அத்தாகத் தொழுவர். திண்டிவனத்திலிருந்து வேடந்தாங்கல் செல்வோர் முழுமையாகத் தொழுவர். கஸ்ர் பாடத்தைப் பலகையில் எழுதி விளக்குவதை விட இது எளிது.

பெண் பிள்ளைகளின் நிஸ்வான் மதரஸாக்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகள் ஆண்டுதோறும் வேனில் ஏறுகின்றனர். பெண் பிள்ளைகளுக்கு 'அடுத்த ஆண்டு பார்ப்போம்' என்பதே விடையாக இருக்கிறது. கழிப்பறை, தொழுமிடம், பாதுகாப்பு என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. ஒரே நாளில் நான்கு இடம் என்றால் இவை உண்மையில் சிக்கல்களே. ஓரிடம் மட்டும் என்றால் அவற்றில் பெரும்பாலானவை தீர்ந்துவிடும். வண்டலூரில் கழிப்பறை வசதி உண்டு. கூட்டம் குறைந்த வார நாளில், ஆலிமாக்களும் தாய்மார்களும் உடன் செல்ல, ஃபஜ்ருக்குப் பின் புறப்பட்டால் மஃரிப் வேளையில் விழுப்புரம் திரும்பிவிடலாம். இவ்வாண்டு நிர்வாகிகள் முதலில் பதிவு செய்யும் வேன் அவர்களுக்கானதாக இருக்கட்டும். புதன்கிழமையாகப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்.