கிலோவுக்கு எத்தனை மில்லி டீசல்?

ஜீவாமிர்தத்துக்கு எத்தனை கிலோ வெல்லம் போட்டோம், களையெடுக்க எத்தனை ஆள் வந்தார்கள், புண்ணாக்கு மூட்டை என்ன விலை என்று கேட்டால் நம்ம ஆட்கள் பட்டென்று சொல்லிவிடுவார்கள். போன மாதம் காய் ஏற்றிப்போன வண்டி எத்தனை லிட்டர் டீசல் குடித்தது, அதில் ஒரு கிலோ கத்தரிக்காய் தலையில் எவ்வளவு விழுந்தது என்று கேளுங்கள். "வண்டி நல்லாத்தானுங்க மைலேஜ் தருது" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். வரப்புக்குள்ளே பைசா பைசாவாக எண்ணுகிற நாம், வரப்பைத் தாண்டியதும் கணக்கை டிரைவர் கையில் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடுகிறோம்.

இடைத்தரகர் வண்டியை நம்பியிருந்த நிலை மாறி, உழவர் குழுக்கள் சொந்தமாகப் பிக்கப் வாங்குவது நல்ல மாற்றம். ஆனால் வண்டி வந்த குழுவில் முதல் மனத்தாங்கல் எங்கே முளைக்கிறது என்று கவனித்துப் பாருங்கள். கிலோவுக்கு எவ்வளவு வண்டிச் செலவு பிடிப்பது என்பதில்தான். குறைவாகப் பிடித்தால் குழுவின் கையிருப்பு கரையும். அதிகமாகப் பிடித்தால், "எங்க காய்ல ஓட்டறாங்க" என்று முணுமுணுப்பு வரும். இரண்டு பக்கமும் கையில் எண் இல்லாமல் பேசுவதால் சண்டை தீராது. நல்ல குழுக்கள் இதிலேயே உடைந்துபோகும்.

என் கருத்து இதுதான். புதுவண்டி வாங்கும் குழு, முதல் மூன்று மாதம் டீசலை அளந்து நோட்டில் எழுதிவிட்டு, அதன் பிறகே கிலோ வாடகையை முடிவு செய்ய வேண்டும். லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்பதோடு அந்த நோட்டு நிற்கக்கூடாது. ஒரு கிலோ விளைச்சலுக்கு எத்தனை மில்லி டீசல் என்பது வரை போக வேண்டும்.

விளம்பர எண்ணும் ரோட்டு எண்ணும்

வங்கியில் வாகனக் கடன் மனுக்களை ஆண்டுக்கணக்கில் பார்த்தவன் நான். மனுவோடு வரும் திட்ட அறிக்கையில் மைலேஜ் என்ற கட்டத்தில் பெரும்பாலும் விற்பனையாளர் சொன்ன எண்ணே இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் மாத வருமானமும் தவணையும் கணக்காகும்.

அந்த எண் பொய் என்று நான் சொல்லவில்லை. புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற சோதனை நிலையங்களில் வண்டியை உருளைகள் மேல் நிறுத்தி, வகுத்து வைத்த வேகங்களில் ஏறக்குறைய 20 நிமிடம் ஓட்டி எடுக்கிற எண் அது. ஒரு கம்பெனி வண்டியையும் இன்னொரு கம்பெனி வண்டியையும் ஒப்பிட உதவும். அந்த உருளையில் புளியம்பட்டி வேகத்தடை கிடையாது, சரவணம்பட்டி நெரிசல் கிடையாது, எதிர்க்காற்றில் படபடக்கும் தார்ப்பாயும் கிடையாது.

சத்தியமங்கலத்திலிருந்து கோவை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். போய்வர 140. வண்டிக்கு 17 மைலேஜ் என்று சொல்லியிருந்தால் ஒரு நடைக்கு 8.2 லிட்டர் போதும். லோடோடு ஓடும்போது 12.5தான் கிடைக்கிறது என்று வையுங்கள், 11.2 லிட்டர் வேண்டும். டீசல் லிட்டர் 93 ரூபாய் என்றால் ஒரு நடைக்கு வித்தியாசம் 275 ரூபாய். வாரம் மூன்று நடை, வருடத்துக்கு 156 நடை. சுமார் 43,000 ரூபாய் யார் கணக்கிலும் எழுதப்படாமல் போகும். "அஞ்சு பத்துக்கெல்லாம் நோட்டுப் போடணுங்களா?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அளக்கும் முறை

முறை ரொம்ப எளிது. பங்கில் டேங்க்கை நிரப்பச் சொல்லுங்கள். குழாய் தானாக முதல் முறை நின்றதும் போதும் என்று சொல்லிவிடுங்கள். கழுத்து வரை ஊற்றுவது வேண்டாம். கிலோமீட்டர் எண்ணை எழுதிக்கொள்ளுங்கள். முக்கால் டேங்க் தீரும் வரை ஓட்டி, அதே பங்கில், முடிந்தால் அதே குழாயில், அதே மாதிரி முதல் நிறுத்தம் வரை நிரப்புங்கள். ஓடிய கிலோமீட்டரை இப்போது ஊற்றிய லிட்டரால் வகுத்தால் மைலேஜ்.

ஒரு டேங்க்கை வைத்துத் தீர்ப்பு எழுதக்கூடாது. குழாய் நிற்கும் இடமே ஒவ்வொரு முறையும் கொஞ்சம் மாறும். ஐந்தாறு முறை நிரப்பிய கணக்கு வேண்டும். அதைச் சராசரி எடுப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. முதல் முறை 300 கிலோமீட்டருக்கு 20 லிட்டர், அதாவது 15. அடுத்த முறை 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர், அதாவது 10. இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்து 12.5 என்பது தவறு. மொத்தம் 400 கிலோமீட்டர், மொத்தம் 30 லிட்டர், 13.3 என்பதே சரி. எப்போதும் மொத்தத்தை மொத்தத்தால் வகுக்க வேண்டும்.

வண்டியின் முன்பலகையில் தெரியும் மைலேஜ், எஞ்சினுக்குள் போகும் டீசலை வைத்து வண்டியே போடும் கணக்கு. ஓட்டும் விதத்தைத் திருத்த அது உதவும். பணக் கணக்குக்குப் பங்க் ரசீதே ஆதாரம். பங்க் அளவிலேயே சந்தேகம் இருந்தால், முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் குவளையில் பிடித்துக் காட்டச் சொல்ல வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. குறை தெரிந்தால் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் கொடுக்கலாம். விடிகாலையில் போட்டால் டீசல் கூட வரும் என்ற பேச்சை விட்டுவிடுங்கள். தொட்டி மண்ணுக்கடியில் இருக்கிறது. காலைக்கும் மதியத்துக்கும் அதன் சூடு பெரிதாக மாறாது.

புதுவண்டிக்கு இன்னும் இரண்டு சேதி. முதல் சில ஆயிரம் கிலோமீட்டர் வரை எஞ்சின் படியவில்லை, மைலேஜ் கொஞ்சம் குறைவாகவே இருக்கும். அடுத்தது, 2020 ஏப்ரல் முதல் விற்கும் பிஎஸ்-6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது. சேர்ந்த கரியை எரிக்க வண்டி அவ்வப்போது கூடுதல் டீசலைச் செலவழிக்கும். தோட்டத்துக்கும் டீக்கடைக்கும் இரண்டு மூன்று கிலோமீட்டர் ஓட்டி ஓட்டி நிறுத்தினால் வடிகட்டி அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும். அப்படிச் சில்லறை ஓட்டத்துக்கு மொபெட் போதுமே.

எதைத் திருத்தினால் எவ்வளவு

நோட்டுப் போட்ட பிறகுதான் திருத்தத்துக்கு அர்த்தம் வரும். முதலில் வேகம். காற்று கொடுக்கும் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப்பெருக்கத்தில் ஏறும். 50இல் போகும்போது உள்ள எதிர்ப்பு 80இல் இரண்டரை மடங்கு. பிக்கப்போ சுவர் மாதிரி முகம் உள்ள வண்டி, மேலே கிரேட் அடுக்கினால் சுவர் இன்னும் உயரும். 80ஐ 60 ஆக்கினால் கோவை போய்ச்சேர கால் மணி, இருபது நிமிடம் கூட ஆகலாம். கீரைக்கு அது ஒன்றும் கெடுதல் இல்லை.

அடுத்தது டயர் காற்று. கதவோரத் தகட்டில் வெறும் வண்டிக்கு ஓர் அளவும் லோடு வண்டிக்கு ஓர் அளவும் போட்டிருப்பார்கள். டயர் சூடாகும் முன், காலையில் பார்க்க வேண்டும். பத்துப் பதினைந்து பவுண்டு குறைந்த டயரோடு ஓடினால் டீசலும் போகும், டயரும் போகும்.

மூன்றாவது, நின்றபடி ஓடும் எஞ்சின். மண்டியில் இறக்கும்வரை ஓடவிட்டால் மணிக்கு அரை லிட்டர் அளவுக்குச் சும்மா எரியும். சாவியைத் திருப்பினால் நின்றுவிடும் செலவு இது. இறக்கத்தில் நியூட்ரலில் விடுவதும் மிச்சம் இல்லை. இன்றைய எஞ்சின்களில் கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் அறவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமலிருக்க டீசல் போய்க்கொண்டிருக்கும். தாளவாடியிலிருந்து உருளைக்கிழங்கு ஏற்றி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவில் இறங்குகிறவர்கள் நியூட்ரலை நினைக்கவே கூடாது. உயிர்க்காரியம்.

டீசலில் கலக்கும் சொட்டு மருந்து, குழாயில் கட்டும் காந்தம் என்று மைலேஜ் கூட்டும் சாமான்கள் விற்கிறார்கள். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சாமான்களைப் பரிசீலித்தது. குறிப்பிடும்படி மிச்சப்படுத்தும் ஒன்றையும் அது காணவில்லை. வளர்ச்சி ஊக்கி என்று பளபள பாட்டிலில் வந்த எத்தனையோ சரக்கைப் பார்த்துத் தெளிந்தவர்கள் நாம். இதிலும் தெளிவாக இருப்போம்.

நல்ல மைலேஜ் தரும் நஷ்ட நடை

இவை எல்லாம் சேர்ந்தாலும் நூற்றுக்குப் பத்து, பதினைந்து மிச்சமாகலாம். பெரிய மிச்சம் வண்டியின் முதுகில் இருக்கிறது.

அதே கோவை நடை. ஒரு நாள் 1,000 கிலோ ஏற்றிப்போய் 11.2 லிட்டர் செலவு. மைலேஜ் 12.5. கிலோவுக்கு 11 மில்லி, ஒரு ரூபாய் சொச்சம். இன்னொரு நாள் 300 கிலோதான் சேர்ந்தது. வண்டி லேசாக ஓடியதால் 9.5 லிட்டரே ஆனது என்று வையுங்கள். மைலேஜ் 14.7 என்று டிரைவர் சந்தோஷப்படுவார். ஆனால் கிலோவுக்கு 32 மில்லி, ஏறக்குறைய 3 ரூபாய். மைலேஜ் கூடிய நாளில்தான் கிலோச் செலவு மூன்று மடங்கு ஆகியிருக்கிறது! மைலேஜை மட்டும் பார்க்கும் குழுவுக்கு இந்த ஓட்டை கண்ணிலேயே படாது.

திரும்பி வருவதையும் பாருங்கள். வெறும் வண்டியாக வராமல் குழுவுக்கு வேண்டிய கடலைப் புண்ணாக்கு, ஊர்க் கடைக்குச் சரக்கு என்று 400 கிலோ ஏற்றி வந்தால், டீசல் 11.8 லிட்டர் ஆனாலும் 1,400 கிலோவுக்குப் பிரித்தால் 8.4 மில்லிதான்.

இதைக் கேட்டு அளவுக்கு மேல் ஏற்றிவிடாதீர்கள். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள எடைதான் எல்லை. அதைத் தாண்டினால் 2019 சட்டத் திருத்தப்படி 20,000 ரூபாய் அபராதம், மிகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேற்கொண்டு 2,000. பட்டையும் பிரேக்கும் தேய்வது தனி.

குழு எடுக்க வேண்டிய முடிவுகள்

வண்டி போகும் நாட்களை நிலையாக வையுங்கள். இத்தனை கிலோ சேர்ந்தால்தான் நடை என்று கூட்டத்தில் பேசி ஓர் எல்லை வையுங்கள். இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் வரும்: பத்துக்கட்டுக் கீரை வைத்திருக்கும் சிறு விவசாயி என்ன செய்வார்? நிலையான நாளில் வருகிற யாருக்கும், பத்துக் கிலோவானாலும் இருநூறு கிலோவானாலும், கிலோ வாடகை ஒன்றாகவே இருக்க வேண்டும். நாள் மாறித் தனிநடை கேட்பவரே கூடுதல் செலவை ஏற்க வேண்டும். இப்போது பல இடங்களில் நடப்பது தலைகீழ். பெரிய தோட்டக்காரர் போன் போட்டால் வண்டி கிளம்புகிறது, அந்த டீசல் சிறியவர்கள் காய் மேல் ஏறுகிறது. நோட்டு இருந்தால் இது எல்லார் கண்ணுக்கும் தெரியும். நோட்டு வேண்டாம் என்று சிலர் சொல்வதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்.

டிரைவர் தம்பியைத் திருடன் மாதிரிப் பார்த்து நோட்டுப் போடாதீர்கள். மிச்சமான டீசலில் ஒரு பங்கை அவருக்குக் கொடுங்கள். கணக்குப் பார்க்கும்போது பக்கத்தில் உட்காரவையுங்கள். ரோட்டை அறிந்தவர் அவர்தான்.

இயற்கை வேளாண்மை என்று சொல்லி விற்கிற நமக்கு இன்னொரு கடமையும் இருக்கிறது. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் 2.6 கிலோவுக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். மேலே சொன்ன கோவை நடை ஒன்றுக்கு ஏறத்தாழ 30 கிலோ. யூரியா போடாத வயலிலிருந்து கிளம்பும் காய், அரை வண்டியாக 70 கிலோமீட்டர் போனால் அந்தப் பெருமையில் பாதி ரோட்டிலேயே கரைகிறது. பக்கத்து உழவர் சந்தையிலும் உள்ளூர்ப் பள்ளிக்கூட வாசலிலும் விற்க முடிந்ததை அங்கேயே விற்பது சிறந்த மைலேஜ். மிச்சத்துக்குத்தான் வண்டி.

நிலைத்த பொருளாதாரம் பேசிய ஜே.சி. குமரப்பா லண்டனில் படித்த கணக்காயர். கிராமப் பொருளாதாரத்தை அவர் வெறும் உணர்ச்சியால் பேசவில்லை, கணக்கெடுத்துப் பேசினார். அந்த வழியில் நாம் செய்ய வேண்டியது ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவதுதான். தேதி, கிலோமீட்டர், லிட்டர், ரூபாய், போன எடை, வந்த எடை என்று ஆறு கட்டம் போடுங்கள். வண்டிக்குள்ளேயே பேனாவோடு கட்டித் தொங்கவிடுங்கள். மாதக் கூட்டத்தில் கையிருப்பு வாசிக்கும்போது கூடவே "இந்த மாதம் கிலோவுக்கு இத்தனை மில்லி" என்று ஒரு வரி வாசியுங்கள். மூன்று மாதம் கழித்து வாடகை பேச உட்காரும்போது, யார் குரல் பெரிது என்று பார்க்க வேண்டியிருக்காது.