குறும்பின் நறுமணம்



குறும்புக்கும் ஒரு மணம் உண்டு. மாங்காய் பறித்துத் தின்ற சிறுவன் வாயைத் துடைத்துக்கொண்டு ஒன்றுமறியாதவன்போல் வந்து நின்றாலும், சட்டையில் ஒட்டிய மாம்பால் அவனைக் காட்டிக்கொடுத்துவிடும். ஏரிக்கரையில் களிமண் பிசைந்து விளையாடிய சிறுமி கைகளைக் கழுவி வந்தாலும், சேற்று வாடை பாவாடையில் தங்கிவிடும். வல்லம் வட்டாரத்துத் தாய்மாருக்கு இதை எவரும் விளக்க வேண்டியதில்லை.

நாம் அதட்டியும் அடித்துத் துவைத்தும் போக்குகின்ற இந்த மணத்தை விலை கொடுத்து வாங்குவோரும் உலகில் உண்டு. குழந்தைகள் உருட்டி விளையாடும் ‘பிளே-டோ’ என்னும் வண்ணப் பிசைமா அமெரிக்காவில் 1956-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் ஐம்பதாம் ஆண்டு நிறைவையொட்டி, 2006-இல் ‘டிமீட்டர்’ என்னும் நிறுவனம் அதே வாசனையில் ஒரு நறுமணத் தைலத்தை வெளியிட்டது. குழந்தைகளுக்காக அன்று, பெரியவர்கள் பூசிக்கொள்வதற்காக! ஈர மண்ணின் மணமுடைய தைலத்தையும் அந்நிறுவனம் விற்பனை செய்துள்ளது.

நம் நாடோ இக்கலையில் மூத்தது. உத்தரப் பிரதேசத்துக் கன்னௌஜ் நகரில் ‘மிட்டி அத்தர்’ என்னும் மண் அத்தர் வடிக்கப்படுகிறது. சுட்ட களிமண் துண்டுகளைச் செப்புக் கொப்பரையில் நீருடன் இட்டுக் காய்ச்சுவர். எழுகின்ற ஆவி மூங்கில் குழாய் வழியாகச் சென்று, சந்தனத் தைலம் வார்த்த பாத்திரத்தில் குளிர்ந்து அடங்கும். முதல் மழையில் நனைந்த புழுதியின் மணம் இவ்வாறு ஒரு சிறு குப்பிக்குள் வந்துவிடுகிறது.

வளர்ந்தவர்கள் இவற்றை நாடுவது ஏன்? மற்றப் புலன்களைவிட முகர்தல் புலன், உணர்ச்சியையும் நினைவையும் ஆளும் மூளைப் பகுதிகளோடு நெருங்கிய தொடர்புடையது. சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் முதியோரிடம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு மேலும் ஓர் உண்மையைக் காட்டிற்று. சொற்களும் படங்களும் பெரும்பாலும் பத்து வயதுக்குப் பிந்திய நினைவுகளையே எழுப்பின; மணங்களோ பத்து வயதுக்கு முந்திய நினைவுகளை எழுப்பின. அந்த முதற் பத்து ஆண்டுகள் யாருடைய பொறுப்பில் கழிகின்றன? நம்முடைய பொறுப்பில் அல்லவா?

மணம் தனியே தங்குவதில்லை. அன்றைய உணர்வையும் உடன் கொண்டு தங்குகிறது. சேறு பூசி வந்த மகனைத் தாய் சிரித்துக்கொண்டே கிணற்றடிக்கு அழைத்துச் சென்றிருந்தால், மழை பெய்யும்போதெல்லாம் அந்தச் சிரிப்பு அவனுக்குக் கேட்கும். தந்தை பிரம்பை எடுத்திருந்தால், அதே மழையில் அந்தப் பிரம்பும் நினைவுக்கு வரும்.

குறும்பு வேறு, குற்றம் வேறு. அயலார் தோப்பில் மாங்காய் பறித்தவனைத் தோப்புக்காரரிடம் அழைத்துச் சென்று மன்னிப்புக் கேட்கச் செய்யுங்கள். அது கண்டிக்கத் தக்கது. ஆனால் மழையில் நனைந்ததும், மண்ணில் புரண்டதும், புதுச் சட்டையை அழுக்காக்கியதும் குற்றங்களல்ல. அவற்றுக்குச் சிறிது சவர்க்காரம் போதும், சினம் வேண்டாம்.

பள்ளி விட்டதும் தனிப்பயிற்சி, அது முடிந்ததும் கைப்பேசி என்று நாளைக் கழிக்கும் பிள்ளைக்கு முதுமையில் நினைத்து மகிழ எந்த மணம் எஞ்சியிருக்கும்? அடுத்த மழை வரும்போது கதவைச் சற்றே திறந்துவிடுங்கள். கன்னௌஜில் குப்பியில் விற்பது நம் செம்மண் தெருவில் விலையின்றிக் கிடைக்கிறது.